வழக்கு வந்தால் யார் பணம் தருவார்கள்? சென்னைப் பத்திரிகையாளர்களுக்கான கேள்வி பதில்

பத்திரிகையாளர்களின் சட்டப் பாதுகாப்புக்கென்றே உலகத்தில் சில நிதிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சென்னை நிருபர்களும் சிறு ஊடகம் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விண்ணப்பம் எழுத உதவுவதுதான் என் வேலை. நான் வக்கீல் இல்லை. எனவே பிரிவு எண்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடிவெடுக்கும் முன் உங்கள் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் பேசிவிடுங்கள்.

இந்தப் பணத்தை எதற்கெல்லாம் தருகிறார்கள்?

பெரும்பாலும் நான்கு விஷயங்களுக்கு. வழக்கில் மாட்டிக்கொண்டவருக்கு உடனடியாக வக்கீல் கட்டணம் தருவது ஒன்று. ஒரு சட்டத்தையோ அரசின் நடைமுறையையோ எதிர்த்து, பலருக்கும் பயன்படும் தீர்ப்பு வாங்குவதற்காக நடத்தும் வழக்கு இன்னொன்று. வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்திரிகையாளர்களுக்காக ஆஜராகும் குழுவை உருவாக்குவது மூன்றாவது. செய்தி வெளிவரும் முன்பே வக்கீலிடம் காட்டிச் சரிபார்ப்பதற்கான செலவு நான்காவது. எல்லாரும் கேட்பது முதலாவதைத்தான். பெரிய தொகைகள் ஒதுக்கப்படுவதோ இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், அதுவும் அமைப்புகளுக்கு.

யார் தருகிறார்கள்?

லண்டனில் இருக்கும் மீடியா டிஃபென்ஸ் 2008இல் தொடங்கியது. இந்த வேலையை மட்டுமே செய்யும் அமைப்பு அது. ஊடகப் பணிக்காக வழக்கைச் சந்திப்பவர்களின் வக்கீல் செலவை ஏற்கிறது, பல நாடுகளில் உள்ளூர் சட்ட அமைப்புகளுக்கும் நிதி தருகிறது. யுனெஸ்கோ நிர்வகிக்கும் உலக ஊடகப் பாதுகாப்பு நிதியை 2019இல் பிரிட்டனும் கனடாவும் முன்னின்று தொடங்கின. அது தனி ஆட்களுக்குக் கிடையாது, லாப நோக்கமற்ற அமைப்புகளுக்குத்தான். நியூயார்க்கில் 1981 முதல் இயங்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, பாரிஸில் இருக்கும் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு, ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்காகவே இருக்கும் லண்டனின் ரோரி பெக் டிரஸ்ட், நெதர்லாந்தின் ஃப்ரீ பிரஸ் அன்லிமிடெட், சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பின் பாதுகாப்பு நிதி ஆகியவை அவசர உதவி தருபவை.

இந்த உலகத்தில் பணம் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியது, அந்த உதவியை நிர்வகித்த யு.எஸ்.எய்டு அமைப்பும் கலைக்கப்பட்டது. அந்தப் பணத்தை நம்பியிருந்த ஊடக உதவித் திட்டங்கள் பலவும் ஆட்டம் கண்டன. பழைய அறிவிப்பு ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பினால், அந்தத் திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் ஒரு நாளிதழ் நிருபர். என் வங்கிக் கணக்கில் அவர்கள் பணம் போடுவார்களா?

போடக்கூடாது, நீங்களும் வாங்கக்கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்று ஒன்று இருக்கிறது. எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். அதன் 3ஆம் பிரிவு, வெளிநாட்டுப் பணத்தை வாங்கவே கூடாதவர்களின் பட்டியலைத் தருகிறது. தேர்தல் வேட்பாளர், எம்.எல்.ஏ., எம்.பி., அரசியல் கட்சி, நீதிபதி, அரசு ஊழியர் என்று போகும் அந்தப் பட்டியலில் பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒலி, ஒளி வடிவில் செய்தியோ நடப்பு நிகழ்ச்சியோ தயாரிக்கும் நிறுவனங்களும், அவற்றின் நிருபர்களும் ஆசிரியர்களும்கூட அதில் உண்டு. மின்னணு வழியில் ஒளிபரப்பினாலும் இதே நிலைதான். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை.

ஓர் அவதூறு வழக்கில் அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. அதிலிருந்து தப்பிக்க வாங்கிய பணம் ஐந்து ஆண்டுத் தண்டனைக்கு வழி செய்தால் என்ன லாபம்? நன்கொடையாளர்களின் விண்ணப்பப் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. உங்கள் நாட்டுச் சட்டம் உங்கள் பொறுப்பு என்று பொதுவாக ஒரு வாசகம் இருக்கும், அவ்வளவுதான். எனவே எவ்வளவு தருவார்கள் என்று பார்ப்பதற்கு முன், அந்தப் பணம் எந்த வழியாக வரலாம் என்று பாருங்கள்.

அப்படியென்றால் வெளிநாட்டு உதவியே கிடையாதா?

அப்படியில்லை. சட்டத்திலேயே சில வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஐக்கிய நாடுகள் சபையும் அதன் சிறப்பு முகமைகளும். எஃப்.சி.ஆர்.ஏ.வில் வெளிநாட்டு மூலம், அதாவது பணம் தரும் வெளிநாட்டுத் தரப்பு, எது என்று சொல்லும் வரையறையிலேயே இவற்றுக்கு விலக்கு உண்டு. யுனெஸ்கோ ஒரு சிறப்பு முகமை. ஆகவே அதன் நிதியிலிருந்து ஓர் இந்திய டிரஸ்ட் பெறும் நல்கை (கிராண்ட்), இந்தச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத ஒரு சிறு சட்ட உதவி அமைப்புக்கு இது பெரிய விஷயம். சென்னையில் இருந்துகொண்டு யாராவது ஒரே ஒரு வெளிநாட்டு நல்கைக்குத்தான் உழைக்கப் போகிறார்கள் என்றால், அந்த உழைப்பை இங்கே போடச் சொல்வேன்.

இரண்டாவது, சேவைக்கான கட்டணம். வக்கீல் தன் தொழிலின் வழக்கமான போக்கில், செய்த வேலைக்கு வாங்கும் ஃபீஸ் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அது பங்களிப்பு ஆகாது. சட்டத்தின் விளக்கக் குறிப்பே இப்படிச் சொல்கிறது. பத்திரிகையாளரின் கையில் பணம் கொடுக்காமல், வக்கீலோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு, பில் வாங்கிக்கொண்டு கட்டணம் செலுத்தும் நிதிகள் இருக்கின்றன. இதற்கும் ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்கி ஃபைலில் வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பிறகு எதற்கும் உதவாது.

மூன்றாவது, கல்வி உதவித்தொகை, ஸ்டைபெண்ட் போன்றவை. ஃபெலோஷிப்பில் வெளிநாடு போகும் நிருபர்கள் வாங்கும் தொகை இந்த வகையில் வரும். ஆனால் வழக்குச் செலவை ஃபெலோஷிப் என்று பெயர் மாற்றி வாங்குவது வேறு கதை. அதற்கு நான் துணை வர மாட்டேன்.

நான்காவது, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள அமைப்பு. பதிவு வாங்க மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. தெரிந்த டிரஸ்டில் பணத்தை வாங்கி எங்களுக்குத் தரச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். உங்களோடு சேர்த்து அந்த டிரஸ்டையும் சிக்கலில் இழுத்துவிடுவீர்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றாலே ஏன் இவ்வளவு பயம்?

டெல்லியின் நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் வழக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணம் பற்றிய குற்றச்சாட்டில் அதன் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபரில் உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானார். கைதுக்கான காரணங்களை எழுத்தில் தரவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் அந்தக் கைது செல்லாது என்றது. இடையில் ஏழு மாதம் போய்விட்டது. காகிதம் சுத்தமாக இருந்தாலும் கேள்வி வரலாம், அழுக்காக இருந்தால் கண்டிப்பாக வரும்.

சிங்கப்பூரில் மாமா இருக்கிறார், டொரன்டோவில் அத்தை இருக்கிறார். அவர்கள் அனுப்பினால்?

சொந்தக்காரர்கள் அனுப்புவதற்கு விலக்கு இருக்கிறது, ஆனால் யார் யாரெல்லாம் சொந்தம் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. மாமாவும் அத்தையும் அதில் வருகிறார்களா என்று முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஊர்க்காரர், அப்பாவின் பள்ளித் தோழர், தமிழ்ச் சங்கத் தலைவர் எல்லாம் அதில் வர மாட்டார்கள்.

சொந்தம் இல்லாதவர் என்றால் அவர் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தியக் குடிமகனாகவே துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவரே கனடா குடியுரிமை வாங்கிவிட்டார், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை மட்டும் வைத்திருக்கிறார் என்றால் அவர் வெளிநாட்டு மூலம்தான். எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும் சட்டத்துக்கு அது கணக்கில்லை. இணையத்தில் நிதி திரட்டும்போது வெளிநாட்டு கார்டுகளை ஏற்காதபடி அமைப்பை மாற்றி வைப்பது நல்லது.

உள்நாட்டில் யாரிடம் போகலாம்?

பெங்களூரில் 2015இல் தொடங்கிய சுதந்திர, பொதுநல ஊடக அறக்கட்டளை இந்தியக் கொடையாளர்களின் பணத்தில் ஊடகங்களுக்கு நல்கை தருகிறது. அதன் நோக்கம் செய்திப் பணி. வழக்குக்கென்றே தனி நிதி என்று நினைத்துப் போகாதீர்கள். டெல்லியின் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், எஸ்.எஃப்.எல்.சி. போன்றவை இணையத் தணிக்கை, கணக்கு முடக்கம், கருவிப் பறிமுதல் போன்ற விஷயங்களில் சட்ட உதவியாகவே செய்கின்றன. ஹியூமன் ரைட்ஸ் லா நெட்வொர்க் மனித உரிமை வழக்குகளை எடுக்கிறது. நீங்கள் ஒரு டிரஸ்ட் நடத்துகிறீர்கள் என்றால் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷனின் டிரஸ்ட்லா வழியாகப் பெரிய சட்ட நிறுவனங்களின் கட்டணமில்லா ஆலோசனையைக் கேட்கலாம். அங்கே கைமாறுவது உழைப்பு, பணம் கைமாறுவதே இல்லை.

சென்னையில் மெட்ராஸ் யூனியன் ஆஃப் ஜர்னலிஸ்ட்ஸ், சேப்பாக்கத்தில் பிரஸ் கிளப் இருக்கின்றன. கண்டன அறிக்கையோடு நின்றுவிடுவார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டு நிதியோ உள்நாட்டு நிதியோ, இவர் உண்மையிலேயே பத்திரிகையாளரா என்று முதலில் விசாரிப்பது இப்படிப்பட்ட சங்கங்களிடம்தான். சந்தா கட்டி உறுப்பினராக இருங்கள். வழக்கு வந்த பிறகு போய்ச் சேர்வது யார் கண்ணுக்கும் நன்றாகத் தெரியாது.

அரசின் பத்திரிகையாளர் நல வாரியம் வழக்குச் செலவு தருமா?

அது மருத்துவம், குடும்ப நலன் போன்றவற்றுக்கானது. மத்திய அரசின் நலத் திட்டமும் அப்படித்தான். வழக்கு தொடுப்பதே பல நேரம் அரசுதான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இலவச சட்ட உதவி மையம் நமக்கெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் பத்திரிகையாளர்கள் அதை நினைத்தே பார்ப்பதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாநில ஆணையம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. கைதாகிக் காவலில் இருக்கும் நிருபர் யாராக இருந்தாலும் தகுதி உண்டு என்பதைக் கவனியுங்கள். ஊடகச் சட்டம் நன்றாகத் தெரிந்த வக்கீல் கிடைப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் ரிமாண்ட் நேரத்தில் பக்கத்தில் நிற்க ஒருவர் இருப்பார்.

எந்த மாதிரி வழக்கை நிதி தருபவர்கள் ஏற்கிறார்கள்?

உங்கள் ஊடகப் பணிக்கும் வழக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். சம்பளத் தகராறு, வாடகைத் தகராறு, கூட்டாளியோடு சண்டை என்றால் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். அதற்கு அடுத்து, வழக்கில் சட்டப்படி வலு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செய்தி தப்பாக இருந்து, திருத்தமும் போடாமல் விட்டிருந்தால் உதவி கிடைப்பது சிரமம்.

சென்னையில் ஒரு வசதி இருக்கிறது: எடுத்துக்காட்ட முன்னுதாரணங்கள் நிறைய. 1950இல் ரோமேஷ் தாப்பர் வழக்கு மெட்ராஸ் மாகாண அரசு ஒரு வார இதழைத் தடுத்ததால் வந்தது. 1994இல் ஆட்டோ சங்கர் தன் வரலாற்றை வெளியிடுவது தொடர்பான நக்கீரன் வழக்கில், வெளிவருவதற்கு முன்பே ஒரு செய்தியைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 அக்டோபரில் ஆளுநர் மாளிகைப் புகாரில் நக்கீரன் கோபால் கைதானபோது எழும்பூர் நீதிமன்றம் அவரை ரிமாண்ட் செய்ய மறுத்தது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், முந்தைய ஆண்டுகளில் மாநில அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மீது தொடுத்திருந்த அவதூறு வழக்குகளை ரத்து செய்தார். விண்ணப்பத்தில் இவற்றில் உங்கள் வழக்கோடு பொருந்துவதை இரண்டு வரியில் சொல்லுங்கள். இந்த நாட்டில் இந்த வழக்கு ஜெயிக்குமா என்று லண்டனில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு அந்த இரண்டு வரி பெரிய தைரியம் கொடுக்கும்.

அதற்காக உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் இந்தியா 2025இல் 180 நாடுகளில் 151ஆவது இடம் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதாதீர்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்ததே அவர்களைப் போன்றவர்கள்தான், அவர்களுக்குத் தெரியாததா?

பத்து கோடி கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இதற்கு நிதி கேட்கலாமா?

நோட்டீஸுக்குப் பதில் எழுதும் செலவைக் கேட்கலாம். ஆனால் பதறாதீர்கள். தமிழ்நாட்டில் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுபவர், கேட்கும் தொகையில் 3 சதவீதத்தை நீதிமன்றக் கட்டணமாகக் கட்ட வேண்டும். 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. பத்து கோடிக்கு 30 லட்சம். கோடிகளில் மிரட்டும் நோட்டீஸ்கள் பலவும் நோட்டீஸோடு நின்றுவிடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தவிர, அவதூறுக்கான சிவில் வழக்கை ஓர் ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

கிரிமினல் அவதூறுக்கு அப்படிப்பட்ட செலவு எதுவும் புகார்தாரருக்கு இல்லை. உண்மையான தொல்லை அங்கேதான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அது, பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500. 2016இல் உச்ச நீதிமன்றம் கிரிமினல் அவதூறு செல்லும் என்று சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு வரை புகார் தரலாம், ஆகவே செய்திக்கான ஆதாரங்களை அதுவரை தூக்கிப் போடாதீர்கள். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்யும் குற்றம் இல்லை இது, பொதுவாக மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் வரும். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 223ஆவது பிரிவுப்படி, புகாரை ஏற்பதற்கு முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும். முன்பு இந்த வாய்ப்பு கிடையாது. நல்ல வக்கீல் ஒருவர் இந்தக் கட்டத்திலேயே வந்தால் பல ஆண்டு வாய்தா மிச்சமாகலாம். எனவே சம்மன் வரட்டும் என்று காத்திருக்காமல், நீதிமன்ற நோட்டீஸ் வந்த அன்றே நிதிக்கு எழுதுங்கள்.

நீதிமன்றம் உங்களைக் கேட்காமலே செய்திக்குத் தடை கொடுத்திருந்தால், 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். முழு விசாரணைக்கு முன் செய்தியை நிறுத்திவைப்பதை விதிவிலக்காகத்தான் செய்ய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பணபலம் உள்ளவர்கள் வாயடைக்கப் போடும் வழக்குகளைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார்கள்.

பட்ஜெட்டில் என்ன போட வேண்டும்?

வக்கீல் ஃபீஸ் என்று ஒற்றை வரியில் மொத்தத் தொகையை எழுதி அனுப்பினால் திரும்பி வந்துவிடும். கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: பதில் நோட்டீஸ், முன்ஜாமீன், ரத்து செய்யக் கோரும் மனு, விசாரணை நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தா. மூத்த வழக்கறிஞர் தேவை என்றால் ஏன் தேவை என்று ஒரு வாக்கியம்.

எல்லாரும் மறப்பது பயணச் செலவு. சென்னையில் உட்கார்ந்து எழுதிய செய்திக்கு தூத்துக்குடியிலோ ராமநாதபுரத்திலோ புகார் கொடுப்பார்கள், பத்திரிகை அங்கேயும் விற்கிறதே என்பார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி ரயில், ஒரு நாள் லாட்ஜ், ஒரு நாள் சம்பளம் போகும். நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடுவதற்கும் செலவு. தென் மாவட்ட வழக்கை ரத்து செய்யக் கோருவதென்றால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 2004 முதல் அவை மதுரைக் கிளைக்குத்தான் போகும். ஆக எழும்பூரில் ஒரு வக்கீல், அந்த மாவட்டத்தில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று மூன்று பேருக்கு வக்காலத்து. வெளிநாட்டில் இருப்பவருக்கு இது புரியாது. மாநில வரைபடம் ஒன்றில் மூன்று ஊர்களையும் குறித்து, தூரத்தையும் எழுதி இணைத்துவிடுங்கள்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. உங்கள் செய்தி தமிழில், எஃப்.ஐ.ஆர். தமிழில், உயர் நீதிமன்ற மனு ஆங்கிலத்தில். நல்ல மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கக் கணக்கில் கொடுக்க வேண்டும். மின்னணுச் சான்றுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறார்கள். அதற்கு ஒரு தொழில்நுட்ப ஆள் தேவைப்படலாம்.

விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

தேதி வாரியாக. என்றைக்குச் செய்தி வந்தது, என்றைக்கு மிரட்டல் வந்தது, எந்தக் காவல் நிலையம், எந்தப் பிரிவுகள், அடுத்த வாய்தா எப்போது. உணர்ச்சிகரமாக எழுதினால்தான் மனம் இரங்குவார்கள் என்ற நினைப்பு நம்மிடம் நிறைய இருக்கிறது. படிப்பவர் ஒரே நாளில் பல நாட்டு விண்ணப்பங்களைப் பார்க்கிறார். அவருக்கு ஜனநாயகத்தின் நான்காவது தூண் வேண்டாம், எஃப்.ஐ.ஆர். நகல்தான் வேண்டும்.

செய்தியின் ஆங்கிலச் சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள். வேறு எந்த நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், உங்கள் நிறுவனம் செலவில் எவ்வளவு ஏற்கிறது என்பதை மறைக்க வேண்டாம். அவசர உதவி தரும் அமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்கினால் எப்படியும் தெரிந்துவிடும்.

செய்தி கொடுத்தவரின் பெயரோ அடையாளமோ விண்ணப்பத்தில் வரவே கூடாது. சாதாரண மின்னஞ்சலில் அனுப்பும் விண்ணப்பம் நாளை யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நான் யூடியூப் சேனல் நடத்துகிறேன். அடையாள அட்டை இல்லை. என்னைப் பத்திரிகையாளர் என்று ஏற்பார்களா?

பெரும்பாலான சர்வதேச நிதிகள் அட்டையைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கின்றன. பொதுநலன் சார்ந்த செய்தியைத் தொடர்ந்து வெளியிடுகிறீர்களா என்பதுதான் அளவுகோல். வாரம் முழுக்கத் திட்டும் வீடியோ போட்டுவிட்டு, வழக்கு வந்ததும் பத்திரிகையாளர் என்றால் எடுபடாது. பிரஸ் கவுன்சில் அச்சு ஊடகத்துக்கு மட்டும்தான், ஆகவே உங்களுக்கு அங்கே இடமில்லை. எஃப்.சி.ஆர்.ஏ. தடை மட்டும் உங்களையும் விடாது!

நாளைக் காலையில் கைது செய்வார்கள் போலிருக்கிறது. நிதிக்கு எழுத நேரம் இருக்கிறதா?

அவசர நிதிகள் சில நாட்களில் பதில் சொல்லும், சில மணி நேரத்தில் பணம் எதுவும் வராது. முதல் இரண்டு நாளுக்கான செலவு உங்களிடமோ உங்கள் அலுவலகத்திடமோ இருந்தாக வேண்டும். வக்கீலின் எண்ணை வீட்டில் ஒருவரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்து வையுங்கள், ஏனென்றால் போனைத்தான் முதலில் வாங்குவார்கள்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் பொதுவாக முதலில் விசாரணைக்கு அழைத்து நோட்டீஸ் தர வேண்டும், புதிய சட்டத்தில் 35(3). கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எல்லாக் குற்றங்களுக்கும் அது கட்டாயம், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். முன்ஜாமீன் இப்போது 482ஆவது பிரிவு. முன்பு 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு, அது இப்போது 528. பழைய வழக்கில் எழுதிய விண்ணப்பத்தை அப்படியே எடுத்து அனுப்புபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை மீட்கும் செலவையும் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். வெளியானது பற்றி விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு நிருபர்களின் போன்களை வாங்கி வைத்துக்கொண்டது. பிரஸ் கிளப் உயர் நீதிமன்றம் போனது. 2025 பிப்ரவரியில் போன்களைத் திருப்பித் தரும்படி உத்தரவு வந்தது. ஒரு சங்கம் எல்லாருக்குமாகப் போட்ட வழக்கு என்பதால் தனி ஆள் யாரும் செலவுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. நல்கை கேட்கும் அமைப்புகள் இந்த மாதிரி வழக்கைத்தான் திட்டமாக எழுத வேண்டும்.

செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை என்ற பாதுகாப்பு நம் சட்டத்தில் மிகவும் மெலிந்தது. பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு அப்படிச் சொல்கிறது, ஆனால் அது கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும். சோதனை, பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு. எடுத்தார்களா என்று கேட்டு, பதிலைக் குறித்து வையுங்கள்.

எனக்கு எதிராக வழக்கு இல்லை. இணையத்தில் ஆபாசமாகத் தாக்குகிறார்கள். நான் வழக்குப் போட நிதி உண்டா?

உண்டு, குறிப்பாகப் பெண் பத்திரிகையாளர்களுக்கு. பல நிதிகள் தற்காப்பு வழக்கோடு நிற்பதில்லை, தாக்கியவர்கள் மீது நடவடிக்கை கோரும் செலவையும் ஏற்கின்றன. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, இணைப்பு முகவரியையும் தேதியையும் சேர்த்துச் சேமியுங்கள். சைபர் கிரைமில் கொடுத்த புகாரின் ரசீது இல்லாமல் விண்ணப்பம் நகராது. ரசீது தர இழுத்தடித்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் தபால் ரசீதை இணையுங்கள். மனநல ஆலோசனைக்கான செலவையும் சில நிதிகள் ஏற்கும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தோற்றுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இது கடன் கிடையாது. கணக்கும் பில்லும் கொடுத்தால் போதும். நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தையோ நஷ்டஈட்டையோ நிதி ஏற்குமா என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பல இடங்களில் ஏற்பதில்லை.

வருமான வரி?

தனி ஆளுக்கு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் வரிக் கேள்வி எழும். பதிவுள்ள அறக்கட்டளையிலிருந்து வந்தால் விலக்கு உண்டு. வக்கீலுக்கு நேராகப் போகும் பணத்தில் இந்தத் தலைவலியே குறைவு. உள்நாட்டு நிதியிடமும் அப்படியே கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிதி வாங்கியதை வெளியில் சொல்லலாமா? வெளிநாட்டுக் கைக்கூலி என்பார்களே?

சொல்லத்தான் வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது ஒரு நாள் ரகசியத்தைக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். யாரிடமிருந்து, எவ்வளவு, எந்த வழக்குக்கு, எந்த வக்கீலுக்கு என்று உங்கள் தளத்தில் நான்கு வரி போடுங்கள். நிதி தந்தவருக்குச் செய்தியில் எந்தப் பங்கும் இல்லை என்ற வரி ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். அந்த வரியைப் போட மறுக்கும் நிதியை நீங்கள் மறுத்துவிடலாம்.

ஒரு சிறிய தளம் நடத்துகிறோம். இப்போது வழக்கு எதுவும் இல்லை. என்ன செய்து வைக்கலாம்?

மாதச் செலவில் ஒரு சிறு தொகையைச் சட்டக் கணக்கு என்று தனியாக ஒதுக்குங்கள். நான்கைந்து சிறு ஊடகங்கள் சேர்ந்து ஒரு வக்கீலை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால், சிக்கலான செய்திகளை வெளியிடும் முன் அவரிடம் காட்டலாம். எதிர்த்தரப்பின் கருத்தைக் கேட்ட மின்னஞ்சல், போன் செய்த நேரம், கிடைத்த ஆவண நகல்கள் எல்லாவற்றையும் செய்தி வாரியாக ஒரு கோப்பில் போட்டு, ஒரு நகலை அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். நிறுவனத்தின் பதிவு, கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, அறங்காவலர் பட்டியல் ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும். யுனெஸ்கோ போன்ற நிதிகளின் அழைப்பு வந்தால் சில வாரங்கள்தான் அவகாசம் இருக்கும், அந்த நேரத்தில் ஆடிட்டர் ஊருக்குப் போயிருப்பார்.